பட்டறை கேள்வி–பதில்: கறுத்த அலுமினியம், வெள்ளை பூத்த அலுமினியம்

வீட்டுக்குப் பின்னாலோ மாடிப்படிக்குக் கீழேயோ சின்னதாகப் பட்டறை போட்டு, பழைய பைக், மோட்டார், பம்ப் என்று பிரித்து மாட்டும் வாசகர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்த இதழில் அலுமினியப் பாகங்களில் அழுக்கு எடுப்பது பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பழைய 100 சிசி பைக்கின் இன்ஜின் கேஸை காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊறப்போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு மொத்தமும் போய்விடும் என்றார்கள். அரை மணி நேரம் போட்டேன். பிசுக்கு போனது. ஆனால் கேஸ் முழுக்கக் கறுத்துவிட்டது. தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. என்ன ஆயிற்று? — வாசகர், ஈரோடு

பிசுக்கோடு சேர்ந்து உங்கள் கேஸும் கொஞ்சம் கரைந்துபோயிருக்கிறது. காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது. அதனால்தான் இரும்புப் பாகங்களை அதில் கொதிக்க வைத்து எடுக்கும் வழக்கம் பட்டறைகளில் வந்தது. அலுமினியம் அப்படியில்லை. அமிலமும் அதை அரிக்கும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் அரிக்கும். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று எப்போதும் இருக்கிறது. சாதாரணத் தண்ணீரிலும் காற்றிலும் உலோகத்தைக் காப்பாற்றுவது அந்தத் தோல்தான். அது பத்திரமாக இருப்பது ஏறக்குறைய பிஎச் (அமில–கார அளவு) 4 முதல் 8.5 வரை. காஸ்டிக் சோடாக் கரைசலின் பிஎச் 13, 14 வரை போகும். தோல் கரைந்து, அடியில் உள்ள உலோகம் ஹைட்ரஜன் வாயுவை விட்டபடி கரைய ஆரம்பிக்கும். நீங்கள் பார்த்த நுரை அந்த ஹைட்ரஜன்தான். மூடிய அறையில் பக்கத்தில் நெருப்பு இருந்திருந்தால் விபத்தாகியிருக்கும்.

இது நம் ஊருக்குப் புதிய செய்தியும் இல்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தபோது, முதல் வேலையே அந்தக் கல்லைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைப்பதுதான். கல்லிலிருந்தே அலுமினியத்தைப் பிரித்தெடுக்கிற சரக்கு உங்கள் இன்ஜின் கேஸை மட்டும் விட்டுவைக்காது.

விரலில் ஒட்டும் கரி அழுக்கு அல்ல. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான், செம்பு, இரும்பு எல்லாம் கலந்திருக்கும். அலுமினியம் கரையும்போது இவை கரையாமல் மேற்பரப்பில் விளக்குப் புகைபோலத் தங்கிவிடுகின்றன. ஆலைகளில் இதை நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். வீட்டில் அந்த வேலையே வேண்டாம். கேஸை நிறையத் தண்ணீரில் அலசி, தண்ணீர் கலந்த வினிகரை எல்லா இடுக்கிலும் ஊற்றி, மறுபடி அலசுங்கள். பிறகு நைலான் பிரஷ், பச்சை ஸ்காட்ச்-பிரைட், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் வைத்துத் தேய்த்தால் பெரும்பகுதி கரி வந்துவிடும். பழைய நிறம் முழுதாகத் திரும்பாது. ஒரு சாம்பல் சாயல் நிற்கும்.

நிறத்தைவிட முக்கியமான சோதனை வேறு. பேரிங் உட்காரும் குழிக்கும் பேரிங்குக்கும் இடையிலான இறுக்கம் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குதான். அந்த அளவு உலோகம் கரைந்திருந்தால் பேரிங் குழிக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும். புது பேரிங்கை வைத்துப் பாருங்கள். கேஸைச் சூடாக்காமலேயே கையால் அழுத்தி உள்ளே போனால், அந்தக் கேஸை லேத் பட்டறையில் காட்டாமல் மாட்டாதீர்கள். போல்ட் துளைகளின் மரைகளையும் ஒவ்வொன்றாகப் புது போல்ட் போட்டு ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கச் சரியான முறை என்ன? கிளட்ச் கவர், மேக்னெட் கவர், செயின் பக்கம் எல்லாம் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கட்டியாக இருக்கின்றன. — வாசகர், மதுரை

முதல் வேலை ஈரமில்லாத வேலை. கட்டியை நனைத்தால் அது சேறாகி எல்லா இடுக்கிலும் புகுந்துகொள்ளும். மூங்கிலை உளி மாதிரி சீவி, காய்ந்தபடியே சுரண்டி எடுங்கள். பழைய ஏடிஎம் கார்டும் நன்றாக வேலை செய்யும். ஸ்க்ரூடிரைவர் கோடு போடும், தொடாதீர்கள். கட்டியில் முக்கால்வாசி இதிலேயே போய்விடும்.

அடுத்தது மண்ணெண்ணெய். ரேஷனில் கிடைக்கவில்லை என்றால் டீசல் போதும், அல்லது பெயின்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைன். 100–150 சிசி இன்ஜினின் கவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு லிட்டர் தாராளம். அகலமான தட்டில் ஊற்றி, ஒன்றரை அங்குல பெயின்ட் பிரஷின் மயிரைப் பாதியாக வெட்டி விறைப்பாக்கிக்கொண்டு தேயுங்கள். 20 நிமிடம் ஊறவிட்டு இரண்டாம் முறை. இடுக்குகளுக்கு டூத் பிரஷ். பெட்ரோல் கூடவே கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற 35 டிகிரி அளவாவது சூடு வேண்டும். பெட்ரோலுக்குப் பனிக்கட்டிக் குளிரே போதும். அதன் ஆவி தரையோடு ஊர்ந்துபோய் அடுத்த அறையில் இருக்கும் அடுப்பில் பற்றிக்கொள்ளும். நம் ஊர் மே மாத வெயிலில் மண்ணெண்ணெயும் அந்த 35 டிகிரியைத் தொட்டுவிடும் என்பதால் அதையும் நிழலில், காற்றோட்டத்தில்தான் பயன்படுத்த வேண்டும்.

எண்ணெய் கரைந்த பிறகுதான் சோப்புத் தண்ணீர். கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி பாத்திரம் கழுவும் திரவம். துணி துவைக்கும் பவுடரை எடுக்காதீர்கள். அதில் சலவை சோடா இருக்கிறது. சூடான தண்ணீரில் கலந்து ஊறவிட்டால் அலுமினியம் மங்கிக் கறுக்கும். கழுவி முடித்ததும் அலசும் தண்ணீரைக் கவனியுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். அதிலுள்ள குளோரைடு பின்னால் குழி அரிப்பையும் தொடங்கிவைக்கும். கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரிலோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலோ செய்யுங்கள். ஒரு கவருக்கு அரை லிட்டர் போதும்.

துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் போல வேறொன்று இல்லை. ஆனால் உள்பக்கத்தை அதனால் துடைக்காதீர்கள். நூல் பிரிந்து ஆயில் வடிகட்டியில் போய் அடைக்கும். உள்பக்கத்துக்கு நூல் விடாத பழைய வேட்டித் துணி. பிறகு மதிய வெயிலில் ஒரு மணி நேரம், அல்லது ஹேர் டிரையர். மேக்னெட் காயில், ஆயில் சீல், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழுவும் முன்பே கழற்றி வைத்திருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறிய சீல் ஊதிப்போகும்.

இரும்புக் கம்பி பிரஷ் பற்றி ஒரு வார்த்தை. அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஒரு மழைக்குப் பிறகு பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். பித்தளை பிரஷ் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷ் வாங்குங்கள். வாங்கியதை அலுமினியத்துக்கு மட்டுமே வையுங்கள். நேற்று துருப்பிடித்த சைலன்சரைத் தேய்த்த பிரஷ் இன்று கவருக்கு ஆகாது.

கேள்வி: ஒரு வருடம் ஓடாமல் நின்ற பைக். கார்புரேட்டருக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. ஜெட்டுகளும் அடைத்திருக்கின்றன. ஸ்பிரே அடித்துப் பார்த்தும் ஐடில் (ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்கவில்லை. — வாசகர், திருநெல்வேலி

ஸ்பிரே மட்டும் அடித்தால் அப்படித்தான். பெட்ரோல் ஆவியாகிப் போன பின் அடியில் கோந்து போல ஒரு படிவம் மிஞ்சும். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், கார்புரேட்டர் தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கி, உலோகத்தையும் வெள்ளையாக அரிக்கிறது. இரண்டும் வேறு வேறு அழுக்கு. கோந்து கரைப்பானில் கரையும். வெள்ளைப் பூப்பு அதில் கரையாது, அதற்கு லேசான அமிலம் வேண்டும்.

கழற்றும்போதே கணக்கு எழுதுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை முதலில் மெதுவாக உள்ளே திருகி, அது தட்டி நிற்கும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, 'இரண்டே கால்' என்பது போலச் சுவரிலோ அட்டையிலோ குறித்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். ரப்பர் டயாபிரம், ஓ-ரிங், பிளாஸ்டிக் மிதவை, ஊசி எல்லாம் தனியாக ஒரு கிண்ணத்தில். கார்புரேட்டர் ஸ்பிரேயில் நனைந்த டயாபிரம் ஊதி, மறுபடி அதன் பள்ளத்தில் உட்காராது.

கார்புரேட்டரின் உடலை மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிரஷ் செய்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வெள்ளைப் பூப்புக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மொத்தம் அரை மணிக்கு மேல் வேண்டாம். கார்புரேட்டர்கள் பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அதை அமிலம் அலுமினியத்தைவிட வேகமாகச் சாப்பிடும். எடுத்ததும் ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஐடில் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஜெட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். சுத்தமான துளை ஊசிமுனை அளவில் வட்டமான, கூர்மையான ஒளிப் புள்ளியாகத் தெரியும். ஓரம் மங்கலாக, பிறை மாதிரி தெரிந்தால் உள்ளே படிவம் இன்னும் இருக்கிறது. 'வெளிச்சம் தெரிகிறதே' என்று அதை மாட்டிவிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குண்டூசி, கிட்டார் கம்பி போன்ற எஃகு எதுவும் உள்ளே போகக் கூடாது. பித்தளை கீறி, துளை பெரிதாகி, பெட்ரோல் கூடுதலாக ஊற்றும். மின் ஒயரை உரித்தால் வரும் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும். ஜெட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளைகளையும் மறக்காதீர்கள். உடலுக்குள் ஓடும் வழிகளில் ஸ்பிரே குழாயை வைத்து அடித்து, அது எந்தத் துளை வழியே வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திராட்டில் தட்டுக்கு அருகே உள்ள இரண்டு மூன்று ஊசித் துளைகளிலும் வர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஸ்பிரே எதிர்பாராத துளையிலிருந்து நேராகக் கண்ணுக்கே வரும்.

கேள்வி: துருப்பிடித்த இரும்பை சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் கொடுத்துச் சுத்தம் செய்கிறேன், அருமையாக வருகிறது. அதே தொட்டியில் அலுமினியம் போடலாமா? — வாசகர், நாமக்கல்

போடாதீர்கள். அந்தத் தண்ணீரே காரம், மின்சாரம் அரிப்பை இன்னும் விரட்டும். இரும்புப் பாகத்தில் ஒரு அலுமினிய ரிவெட் ஒட்டியிருந்தால்கூட அதைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டியில் இறக்க வேண்டும்.

கேள்வி: கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு. பிரேக் லீவர், வீல் ரிம், இன்ஜின் கவர் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி பூக்கிறது. தேய்த்து எடுத்தாலும் மூன்று மாதத்தில் திரும்ப வருகிறது. — வாசகர், தூத்துக்குடி

உப்புக் காற்றின் குளோரைடு ஆக்சைடு தோலில் ஊசிக்குத்து போலத் துளை போட்டு இறங்குகிறது. மேலே பார்க்கிற வெள்ளைப் பொடி, அடியில் ஒரு குழி இருக்கிறது என்பதன் அடையாளம். பொடியைத் துடைத்துவிட்டுக் குழிக்குள் உப்பை விட்டுவிட்டால் அது திரும்ப வரத்தான் செய்யும்.

சோப்புத் தண்ணீரில் கழுவிய பின், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, துணியை நனைத்துப் பூத்த இடத்தில் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். பித்தளை பிரஷால் சின்ன வட்டமாகத் தேய்த்து, மறுபடி ஒரு பத்து நிமிடம். பிறகு ஆப்ப சோடாத் தண்ணீர், நல்ல தண்ணீர், அதன்பின் நல்ல தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் ஊறல். குழிக்குள் இருக்கும் உப்பு வெளியே வர அந்த ஊறல் நேரம் தேவை. அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் செய்த வேலை வீண். நன்றாகக் காய்ந்து, கைச்சூட்டைவிடச் சற்று அதிகச் சூட்டில் இருக்கும்போதே கார் மெழுகு தடவி மெருகேற்றுங்கள். கடலோரத்தில் மாதம் ஒரு முறை மெழுகும், வாரம் ஒரு முறை வெறும் நல்ல தண்ணீர்க் கழுவலும் அவசியம்.

லீவரில் குழி ஆழமாக இருந்தால் மெருகு போட்டு மறைக்காதீர்கள். பிரேக் லீவர் அழுத்தம் தாங்க வேண்டிய பாகம், விரிசல் குழியிலிருந்துதான் தொடங்கும். அதை மாற்றிவிடுங்கள்.

போல்ட்டைச் சுற்றி மட்டும் அதிகமாகப் பூக்கிறதா? ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. கரைவது அலுமினியம். போல்ட்டின் மரையில் ஆன்ட்டி-சீஸ் பசை தடவி மாட்டினால் ஈரம் புகாது, பிறகு கழற்றும்போது மரையும் உருவிக்கொண்டு வராது.

கேள்வி: டாய்லெட் கிளீனர் ஊற்றினால் அலாய் வீல் பளிச்சென்று ஆகிறது என்று நண்பர் சொல்கிறார். அலாய் வீலுக்கென்றே விற்கும் ஆசிட்டும் இருக்கிறதாம். எது நல்லது? — வாசகர், வேலூர்

டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பளிச்சென்று ஆவது தோல் உரிவதால். அன்று மாலை அழகாக இருக்கும். அதில் தங்கும் குளோரைடு, தூத்துக்குடிக் கடற்காற்று வருடக் கணக்கில் செய்வதைச் சில வாரங்களில் செய்துவிடும்.

இரண்டாவது சரக்கைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். 'அலுமினியம் பிரைட்னர்' என்ற பெயரில் வரும் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், உடனே கழுவுவோம். இது நீர்த்த நிலையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் தோலைத் தாண்டி இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உயிரே போகலாம். இதற்குத் தனி மருந்து கால்சியம் குளுக்கோனேட் ஜெல், அது வீட்டு முதலுதவிப் பெட்டியில் இருக்காது. லேபிளில் 'ஃபுளோரைடு' என்று எந்த வடிவில் இருந்தாலும் வாங்காதீர்கள். என்ன இருக்கிறது என்றே எழுதாத கேனையும் வாங்காதீர்கள். தெரியாமல் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே, கேனையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீலுக்குத் தேவை பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், வீல் ஆறியிருக்கும் நேரம். அவ்வளவுதான்.

கேள்வி: சில கவர்கள் அலுமினியம் இல்லை, மெக்னீசியம் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகர், தஞ்சாவூர்

உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் பெயின்ட்டைச் சின்னதாகச் சுரண்டி, சமையல் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். மெக்னீசியம் என்றால் அந்த நொடியே பொங்கும். அலுமினியம் அமைதியாக இருக்கும். சோதித்ததும் துடைத்துக் கழுவிவிடுங்கள். மெக்னீசியம் என்று தெரிந்தால் மேலே சொன்ன சிட்ரிக் ஆசிட் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய், சோப்பு, உடனே காயவைத்தல் மட்டும். அதை கிரைண்டரில் பிடிக்கவே கூடாது, தூள் தீப்பிடிக்கும்.

கேள்வி: சிலிண்டர் ஹெட்டில் பழைய பேக்கிங் கல் போல ஒட்டியிருக்கிறது. எரியறையில் கரி. கிரைண்டரில் ஸ்காட்ச்-பிரைட் சக்கரம் போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் அல்லவா? மணல் அடிக்கும் இடமும் பக்கத்தில் இருக்கிறது. — வாசகர், கோயம்புத்தூர்

ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், அதே ஐந்து நிமிடத்தில் ஹெட்டின் சமதளமும் போய்விடும். சக்கரம் பேக்கிங்கைவிட மென்மையான அலுமினியத்தைத்தான் முதலில் தின்னும், கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். பேக்கிங் அங்கே கசியும். சக்கரத்திலிருந்து உதிரும் சாணைத் துகளும் ஆயில் வழிக்குள் போனால் பேரிங்கை அரைத்துவிடும்.

பேக்கிங்கின் மேல் பேக்கிங் ரிமூவர் ஸ்பிரேயோ, அது இல்லாவிட்டால் டீசலில் நனைத்த துணியோ வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் மூங்கில் உளியால் எடுங்கள். பிளேடு பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து, ஒரே திசையில், மூலை பதியாமல் தள்ளுங்கள்.

கரி எடுக்கும்போது கூடவே ஒரு சோதனையையும் முடித்துக்கொள்ளலாம். வால்வுகள் மூடியிருக்க, ஸ்பார்க் பிளக்கும் மாட்டியிருக்க, எரியறை மேலே பார்க்கும்படி ஹெட்டைக் கவிழ்த்து வைத்து அதில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை, கிரைண்டிங் பேஸ்ட் வேலை பாக்கி இருக்கிறது. ஈரம் இல்லாவிட்டால் அப்படியே இரவு முழுக்க விடுங்கள், கரி இளகிவிடும். மூங்கிலும் பித்தளை பிரஷும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிஸ்டன் தலைக்கும் இதுவே. ரிங் பள்ளத்துக்குப் பழைய ரிங்கை உடைத்து அதன் முனையால் சுரண்டுவது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் பள்ளத்தின் பக்கச் சுவரைச் சுரண்டாமல் அடியில் மட்டும் இழுக்க வேண்டும்.

முடித்த பின் நேர்விளிம்புள்ள எஃகு ஸ்கேலை ஹெட்டின் மேல் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். எங்கேயாவது நுழைந்தால், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, தேவையென்றால் ஃபேசிங் போட (முகத்தைச் சமமாகச் சீவ) கொடுங்கள்.

மணல் அடிப்பது அலுமினியத்துக்கு மிகவும் முரட்டு வேலை, அடிக்கிறவரின் நுரையீரலுக்கும் கேடு. உடைந்த மணலின் நுண்தூள் சிலிக்கோசிஸ் தரும். மணலுக்குப் பதிலாகப் பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசி அடிக்கும் (கிளாஸ் பீட் பிளாஸ்டிங்) இடம் தேடுங்கள். 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் போதும் என்று சொல்லியே கொடுங்கள். அதுவும் வெளிப்புறக் கவர்களுக்குத்தான். ஹெட்டையோ கிராங்க் கேஸையோ கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லா ஆயில் துளைக்கும் மரைத் துளைக்கும் ரப்பர் அடைப்பான் போட்டு, பேரிங் குழி, பேக்கிங் முகம் எல்லாம் தடித்த டேப் ஒட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் வெந்நீர்ச் சோப்பு, ஆயில் வழிகளுக்குக் குழாய் பிரஷ், காற்று. இந்த மூன்றும் மூன்று முறை. வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்து ஒரு மணிகூட விழாதபோதுதான் சுத்தம். எண்ணெய் போகாத பாகத்தை மணி அடிக்கக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். எண்ணெயில் ஒட்டிய மணி எந்தக் காற்றுக்கும் வெளியே வராது.

கேள்வி: இணையத்தில் மூன்று லிட்டர் அல்ட்ராசோனிக் கிளீனர் (ஒலி அதிர்வால் அழுக்கு எடுக்கும் தொட்டி) வாங்கியிருக்கிறேன். எதை ஊற்றுவது, எவ்வளவு நேரம்? — வாசகர், சென்னை

தண்ணீர், அதில் லிட்டருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவம். அவ்வளவில் தொடங்குங்கள். 50 முதல் 60 டிகிரி சூடு. பாகம் போடும் முன் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் தண்ணீரில் கரைந்துள்ள காற்று வெளியேறி, வேலை நன்றாக நடக்கும். பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர் எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. சூடாகும் தொட்டியும் மின்சாரமும் ஆவியும் ஓரிடத்தில் சேர்வது நெருப்புக்கு அழைப்பு.

பாகம் தொட்டியின் தரையில் உட்காரக் கூடாது, கூடையில் தொங்க வேண்டும். எட்டு நிமிடம் ஓட்டி, திருப்பி வைத்து, இன்னொரு எட்டு. தடித்த பிசுக்கை மண்ணெண்ணெயில் முன்பே எடுத்துவிட்டால்தான் இந்த நேரம் சரிவரும். மேல் அழுக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் அலுமினியத்தின் முகம் சொரசொரப்பாகும், அழுக்கும் போகாது. கருவி வேலை செய்கிறதா என்று தெரிய, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை ஒரு நிமிடம் தண்ணீரில் பிடியுங்கள். சீராக ஊசித் துளைகள் விழுந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மறுபக்கத்தில் அதிர்வைக் கொடுக்கும் டிரான்ஸ்டியூசர் ஓடவில்லை.

கேள்வி: கிளட்ச் கவரைக் கண்ணாடி போல மெருகேற்ற ஆசை. எந்த எமரியிலிருந்து தொடங்குவது? — வாசகர், சேலம்

முதலில் மேலே லாக்கர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இருக்கிறதா என்று பாருங்கள். மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டு ஓர் இடத்தில் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் உலோகம். கறுக்கவே இல்லை என்றால் லாக்கர் இருக்கிறது, பெயின்ட் ரிமூவர் போட்டு அதை எடுக்காமல் மெருகு வராது.

ஆழமான கீறல் இருந்தால் 220, இல்லையென்றால் 320 வாட்டர் பேப்பரில் தொடங்கி 400, 600, 800, 1000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக இழுக்க வேண்டும். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாதபோதுதான் அடுத்தது. 400 எண்ணில் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தால் பஃப் சக்கரத்தில் ஒரு மணி நேரம் போகும், அப்போதும் அந்தக் கோடு போகாது. எண் மாற்றும்போது கவரையும் கையையும் கழுவுங்கள். முந்தைய தாளின் ஒரு துகள் போதும் புதுக் கோடு போட.

பிறகு சிசல் நார்ச் சக்கரத்தில் பழுப்பு மெருகுக் காம்பவுண்ட், பருத்திச் சக்கரத்தில் வெள்ளை. கவரைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே பிடியுங்கள். விளிம்பு சக்கரத்துக்கு எதிரே நிற்கக் கூடாது, சுற்றும் திசையோடு விலகிப் போக வேண்டும். இல்லையென்றால் பிடுங்கி எறிந்துவிடும். சுற்றும் சக்கரத்தில் துணிக் கையுறை வேண்டாம், கையையே உள்ளே இழுக்கும்.

இரும்பு சாணை பிடிக்கும் அதே மேஜையில் அலுமினிய மெருகு வேலை செய்யாதீர்கள். துருத்தூளும் அலுமினியத் தூளும் கலந்தால் அது தண்டவாளம் ஒட்டவைக்கும் தெர்மைட்டின் சரக்கேதான். அடுத்த முறை இரும்பு பிடிக்கும்போது பறக்கும் ஒரு பொறி போதும். தூளை வாரா வாரம் கூட்டி எடுங்கள். தப்பித்தவறிப் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணலை மெதுவாகப் போட்டு மூட வேண்டும்.

கேள்வி: குக்கரின் உள்பக்கம் கறுத்துவிட்டது. இன்ஜினுக்குச் சொல்வதை இதற்கும் செய்யலாமா? — வாசகி, காரைக்குடி

குக்கருக்கு மண்ணெண்ணெய் வேண்டாம் அம்மா. எலுமிச்சை அளவு புளியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கறுத்த இடம் மூழ்கும்படி பத்து நிமிடம் திறந்தபடியே கொதிக்க விடுங்கள். காரத்தன்மையுள்ள தண்ணீரால் தடித்த படலம்தான் அந்தக் கறுப்பு. புளியின் டார்டாரிக் அமிலம் அதை எடுத்துவிடும். உடம்புக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆப்ப சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் இன்னும் கறுக்கும்.

கேள்வி: அழுக்கான மண்ணெண்ணெயையும் ஆசிட் தண்ணீரையும் எங்கே ஊற்றுவது? — வாசகர், திருச்சி

மண்ணெண்ணெயை ஊற்றவே வேண்டாம். மூடியுள்ள தகர டப்பாவில் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அடுத்த முறை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கைந்து முறை வரும். அடிக்கசடைப் பழைய இன்ஜின் ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். சாக்கடையில் விட்டால் அது கிணற்றுக்குத்தான் போகும். எண்ணெய் ஊறிய வேஸ்ட் துணியைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவைத்து மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரைப்பது நிற்கும்வரை. 30 கிராம் சிட்ரிக் ஆசிட்டுக்குச் சுமார் 40 கிராம் ஆப்ப சோடா பிடிக்கும். அகலமான வாளியில் செய்யுங்கள், பாட்டிலில் செய்தால் பொங்கி வழியும். அதன் பின் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றிவிடலாம். வாளி அலுமினிய வாளியாக இருக்க வேண்டாம்.